வாயிலில் நிற்பவர்களும் வரிசையில் நிற்பவர்களும்

"நாலு கிழவிகள் போய் நின்று கொப்பியிலே குறித்துக்கொண்டால் ஆக்கிரமிப்பு ஓடிவிடுமா, மாஸ்ரர்?"

இவ்வாறு கேட்டவர் பிற்போக்குவாதியல்லர். எமது வாசகர் வட்டத்திற்குத் தவறாது வருபவர், கணிதம் கற்பிப்பவர், மார்க்சியம் படித்தவர், பலஸ்தீனம் பற்றிப் பேச்செழுந்தால் குரல் தழுதழுக்கும் மனிதர். மேற்குக் கரையின் இராணுவச் சோதனைச் சாவடிகளிலே விடியற்காலையில் நின்று, கடந்து செல்லும் தொழிலாளரை எண்ணிக் குறித்து வந்த தொண்டர்களைப் பற்றி நான் கூறியபோதே இக்கேள்வி பிறந்தது. பக்கத்திலிருந்த மற்றொரு நண்பர் உடனே குறுக்கிட்டார். "அப்படிச் சொல்லாதேயும். அவர்கள் சத்தம் போட்டபடியால்தானே வரிசை குறைந்தது, புதிய கட்டிடம் வந்தது! ஏழைத் தொழிலாளிக்கு அரைமணி நேரம் மிச்சமானாலும் மிச்சந்தானே?"

முதல்வர் தொண்டர்களை இகழ்ந்தார், இரண்டாமவர் புகழ்ந்தார். எனக்கோ இருவரும் ஒரே தவற்றைச் செய்வதாகப் பட்டது. சோதனைச் சாவடி எதற்காக அவ்விடத்தில் நிற்கிறது என்ற கேள்வியை இருவருமே எழுப்பவில்லை. அன்றிரவு வாதம் முடியவில்லை. ஆதலால் இதனை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலைப் பொழுதைக் காண்போம். 2023 ஒக்டோபருக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்க. அங்கே வாரத்தின் முதல் வேலைநாள் ஞாயிறு. நெரிசல் மிகுந்த நாளும் அதுவே. பெத்லகேமின் வட எல்லையில், எட்டு மீற்றர் உயரமான கொங்கிறீற் மதிலோடு ஒட்டி, 300ஆம் இலக்கச் சாவடி இருக்கிறது. ஹெப்ரோன் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வான்களிலே வந்திறங்கும் ஆண்கள் அதிகாலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அங்கு சேரத் தொடங்குவர். இரும்புக் கம்பிகளாலும் கூரைத் தகட்டாலும் அமைந்த நீண்ட ஒடுக்கமான கூண்டு ஒன்று அவர்களை உள்வாங்கும். நாலு மணியளவிற் சுழற்கதவு அசையும். சிலர் கூண்டின் பக்கக் கம்பிகளைப் பற்றி மேலேறி, நிற்பவரின் தலைகளுக்கு மேலாகத் தவழ்ந்து முன்னே குதிப்பர். மதிலோரத்திலே கோப்பியும் எள்ளு ரொட்டியும் விற்பவர் குரல் கேட்கும். உள்ளே உலோகங் கண்டுபிடிக்கும் கருவி. பின்னர் அடையாள அட்டை, காந்த அட்டை, கைப்பதிவு, அனுமதிப்பத்திரம். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டும். ஏழு மணிக்கு ஜெரூசலத்திலே செங்கல் தூக்க வேண்டியவன் இரண்டு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறான். அந்த ஐந்து மணித்தியாலத்திற்குக் கூலி கிடையாது.

இக்கூண்டின் ஓரத்திலேதான் அத்தொண்டர்கள் நின்றார்கள். அவர்களுள் இரு வகையினர் உண்டு. ஒரு சாரார், ஜெரூசலத் திருச்சபைத் தலைவர்களின் அழைப்பையேற்று உலகத் திருச்சபைகள் மன்றம் 2002இல் ஆரம்பித்த திட்டத்தின் கீழ், பல நாடுகளிலிருந்தும் மும்மாதத் தவணையில் வந்தவர்கள். அடையாள மேலங்கி அணிந்து, கையில் எண்ணும் கருவியொன்றை வைத்துக்கொண்டு, எத்தனை பேர் கடந்தனர், எத்தனை பேர் திருப்பப்பட்டனர், கதவு எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை பீடங்களில் ஆள் இருந்தது என்று குறித்தார்கள். மற்றச் சாரார் இஸ்ரேலியப் பெண்கள். 2001ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, இரண்டாவது இன்ரிபாதா எழுச்சி கொழுந்துவிட்டெரிந்த காலத்தில், மூன்று பெண்கள் தொடங்கிய 'மக்சோம் வொட்ச்' என்னும் அமைப்பைச் சேர்ந்தவர்கள். மக்சோம் என்றால் எபிரேய மொழியிற் சோதனைச் சாவடி. பின்னர் அவ்வமைப்பிற் சில நூறு பெண்கள் இருந்தனர்; பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டியவர்கள், பலர் ஓய்வுபெற்றவர்கள். காலையிலும் பிற்பகலிலும் முறைவைத்துப் போய் நின்று, கண்டதை எழுதி, யாவரும் படிக்க வெளியிட்டனர்.

இப்பொழுது கணித ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். நின்று எழுதினால் என்ன பயன்?

ஒடுக்குமுறை தன்னைப் பற்றிய கணக்கை எப்பொழுதும் தானே வைத்துக்கொள்ள விரும்புகிறது என்பது முதலாவது விடை. "இன்று காலை தாமதம் எதுவுமில்லை" என்று இராணுவப் பேச்சாளன் கூறுவான். வரிசையில் நின்றவன் "மூன்று மணித்தியாலம் நின்றேன்" என்பான். முன்னையது அறிக்கை, பின்னையது முறைப்பாடு. உலகம் அறிக்கையை நம்பும். அவ்விடத்தில் மூன்றாம் மனிதரொருவர் கைக்கடிகாரத்துடன் நின்று, கதவு திறந்தது 4.40க்கு, மூடியது 5.15க்கு என்று எழுதிவிட்டால் பேச்சாளனின் வாக்கியம் அத்தனை எளிதாக வெளிவராது. ஓமந்தையிலும் முகமாலையிலும் பொதியை இறக்கி வைத்துக்கொண்டு வெயிலில் நின்றவர்களுக்கு, வவுனியாவிற் பாஸ் என்ற கடதாசித் துண்டுக்காகப் பகல்கள் பலவற்றை இழந்தவர்களுக்கு, இதை விளக்க வேண்டியதில்லை. நான் நின்ற வரிசைகளில் எங்களை எண்ணிய எவரையும் நான் கண்டதில்லை. எண்ணியிருந்தால் சாவடி போயிருக்குமா என்று என் நண்பர் கேட்பார். போயிராது. ஆனால் பல வருடங்களின் பின், அப்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லையே என்று சொல்பவனுக்கு முன்னால் நான் வெறுங் கையோடு நிற்க நேர்ந்திராது.

இரண்டாவது விடையைத் தென்னாபிரிக்கா தருகிறது. அங்கே 1955இல் வெள்ளை இனத்து நடுத்தர வர்க்கப் பெண்கள் சிலர் 'பிளாக் சாஷ்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தார்கள். தோளிற் கரும்பட்டி அணிந்து, பேசாது வீதியோரம் நிற்பதே அவர்களுடைய போராட்டம். அன்றும் அங்கே நம் கணித ஆசிரியர் போன்றோர் சிரித்திருப்பார்கள். ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து அப்பெண்கள் ஆலோசனை நிலையங்களைத் திறந்தனர். பாஸ் சட்டத்தின் கீழ்ப் பிடிபட்ட ஆபிரிக்கர்களின் வழக்குகளைக் கேட்டனர். பாஸ் நீதிமன்றங்களிலே உட்கார்ந்து, ஒரு மனிதனின் வழக்கு எத்தனை நிமிடத்தில் முடிகிறதென்று குறித்தனர். 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில் நகரிலே பாஸ் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்களுள் 69 பேரைப் பொலிசார் சுட்டுக் கொன்றனர். 1986இற் பாஸ் சட்டம் நீங்கியது. அதை நீக்கியவர்கள் கரும்பட்டி அணிந்த சீமாட்டிகள் என்று நான் கூறவில்லை. ஆபிரிக்க மக்களின் போராட்டமே அதை நீக்கிற்று. ஆயினும் அச்சட்டத்தின் அன்றாட இயக்கத்தை இன்று நாம் இவ்வளவு துல்லியமாக அறிகிறோமென்றால் அதிற் கணிசமான பங்கு அவர்களுடைய குறிப்புகளுக்கு உண்டு. மேலும், பாஸ் அலுவலகத்து வாங்குகளை அகலமாக்குக என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பாஸ் சட்டமே ஒழிக என்றார்கள். இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டாவது நண்பரோடு எனக்குள்ள வழக்கே இதுதான்.

அவரோடு சற்றுக் கடுமையாகவே பேச விரும்புகிறேன். இகழ்பவரைத் திருத்திவிடலாம், நல்லிதயம் படைத்தவரைத் திருத்துவது கடினம்.

அவர் சொன்ன புதிய கட்டிடம் உண்மை. ஜெரூசலத்திற்கும் ரமல்லாவிற்கும் இடையிலுள்ள கலந்தியாச் சாவடி 2019இற் புதுப்பிக்கப்பட்டது. முகத்தை அடையாளங் காணும் மின்கருவிக் கதவுகள் வந்தன. ஒரு மணித்தியாலத்திற்கு மேற்பட்ட காத்திருப்பு நிமிடக் கணக்காகச் சுருங்கியது. பத்திரிகைகள் படம்பிடித்தன. தொழிலாளிக்கு அதனால் நித்திரை மிஞ்சியது என்பதை நான் மறுக்கவில்லை. அவன் நித்திரையை அற்பமாக எண்ணும் உரிமை மெத்தையிற் படுக்கும் எனக்கு இல்லை. ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். யார் கடக்கலாம், யார் கடக்கக்கூடாது, எவனுடைய பத்திரம் நாளை செல்லும், எவனுடையது செல்லாது என்ற அதிகாரத்தில் ஓர் அணுவும் குறையவில்லை. முன்னர் சிப்பாயின் கையிலிருந்த அது இப்பொழுது ஒவ்வொரு தொழிலாளியின் முகத்தையும் நினைவில் வைத்திருக்கும் இயந்திரத்திடம் போய்ச் சேர்ந்தது. சிப்பாயோடு வாதாடலாம், வாதாடித் தோற்கவும் செய்யலாம். இயந்திரத்தின் சிவப்பு விளக்கோடு யார் வாதாடுவது?

பெரிய சாவடிகளிலே 'மனிதாபிமான வாயில்' என்று ஒன்று உண்டு. முதியோர், பெண்கள், நோயாளர், பாடசாலைப் பிள்ளைகள் ஆகியோருக்கானது. அது குறித்த நேரத்தில் திறக்கவில்லை என்று தொண்டர்களின் அறிக்கைகள் மீண்டும் மீண்டும் கூறும். அவர்கள் தொலைபேசியில் அதிகாரியை அழைப்பார்கள். சில வேளை அது திறக்கும். இப்பெயரைக் கண்டு என் நண்பருக்குச் சிரிப்பு வரவில்லையா? ஒரு வாயிலுக்கு மனிதாபிமானம் என்று பெயரிட்டவர்கள் மற்ற வாயில்களுக்கு என்ன பெயரை ஒப்புக்கொள்கிறார்கள்? சுழற்கதவின் கதையும் இத்தகையதே. கட்டிடக்கலை ஆய்வாளர் எயால் வைஸ்மன் எழுதியிருக்கிறார்: இஸ்ரேலினுள்ளே பொது இடங்களிலுள்ள சுழற்கதவுக் கரங்கள் 75 சென்ரிமீற்றருக்குக் குறையாதவை, சாவடிகளுக்கு வாங்கியவையோ 55 சென்ரிமீற்றர். சட்டைக்குள் எதையும் ஒளிக்க இயலாதபடி உடலை அழுத்துவதற்கு அந்த இருபது சென்ரிமீற்றர் குறைக்கப்பட்டது. குழந்தையைச் சுமந்த தாயும், பை நிறையச் சாமான் கொண்ட கிழவனும் அதில் நசுங்கினார்கள். இனி ஒருவர் வந்து, கரத்தை மீண்டும் 75 சென்ரிமீற்றராக்குங்கள் என்று மனுக் கொடுத்து வெற்றி பெற்றால் அதை விடுதலையின் ஒரு படி என்று நாம் கொண்டாடுவதா?

அப்பெண்களே இக்கேள்வியைத் தம்முள் எழுப்பியவர்கள் என்பதை நேர்மையாகக் கூற வேண்டும். அமைப்பைத் தொடங்கிய மூவருள் ஒருவரான யெஹுடித் கெஷெட் 2006இல் வெளியிட்ட நூலில் இந்தச் சங்கடத்தை மறைக்கவில்லை. நாம் போய் நிற்பதால் ஆக்கிரமிப்பின் முகம் மென்மையாகிறதா, அதற்கு நாமே நற்சான்று ஆகிவிடுகிறோமா என்ற விவாதம் அவர்களிடையே ஓயாது நடந்தது. தன்னைத்தானே இப்படிக் கேட்கும் தொண்டன் எனக்குத் தோழன். கேளாது கைதட்டும் பார்வையாளனிடமே எனக்குப் பிணக்கு.

சாவடி ஏன் நிற்கிறது? பாதுகாப்புக்காக என்பர். இவ்விடையைத் தட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. 2001 முதல் சில ஆண்டுகள் இஸ்ரேலிய நகரங்களின் பேருந்துகளிலும் உணவுச்சாலைகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்துச் சாதாரண மக்கள் பலர் இறந்தனர். அச்சம் பொய்யன்று. ஆனால் 2002இற் கட்டத் தொடங்கிய மதிலின் பாதையைப் பாருங்கள். அதன் நீளத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் மேற்குக் கரையின் உள்ளேயே செல்கிறது. தன் வீட்டுக்கு வேலி போடுபவன் அயலான் வளவின் நடுவே கதியால் நடுவானா? யாழ்ப்பாணத்தவருக்கு இந்த வழக்கு நன்கு தெரியும். 2004இலேயே சர்வதேச நீதிமன்றம் அப்பாதை சட்டவிரோதமானதெனத் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. 2024 ஜூலையில் ஆக்கிரமிப்பின் தொடர்ச்சியே சட்டவிரோதமெனக் கூறிற்று. இன்னொன்று: பத்திரமில்லாத தொழிலாளர் பல்லாயிரவர் மதிலின் இடைவெளிகளால் ஆண்டுக்கணக்காக வேலைக்குப் போய்வந்தனர். இராணுவம் அதை அறிந்திருந்தது. 2022இல் நடந்த கொலைத் தாக்குதல்களின் பின்னரே அவ்வோட்டைகளை அடைப்பதில் மும்முரம் பிறந்தது. ஒரு பக்கம் நீண்ட வரிசையிலே முகம், கை, அட்டை, பத்திரம் எல்லாம் சோதனை; மறுபக்கம் திறந்த ஓட்டை. இந்த முரண்பாட்டைப் பாதுகாப்பு என்ற சொல்லால் விளக்க முடியாது. மலிவான உழைப்பு தேவை என்பதால் மட்டுமே விளக்க முடியும்.

வரலாறும் அதையே கூறுகிறது. 1967இல் நிலத்தைப் பிடித்த இஸ்ரேல் சிறிது காலத்திலேயே அந்நிலத்து மக்களின் கைகளைத் தன் கட்டிட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் அழைத்தது. 1972இற் பொது அனுமதி கொடுத்தது. எண்பதுகளிலே பலஸ்தீனத் தொழிலாளருள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் இஸ்ரேலிலே கூலி வாங்கினர். தம் நிலத்திலே பயிரும் தொழிலும் நலிய, எதிரியின் நகரத்தைக் கட்டி வயிறு வளர்க்கும் நிலை உண்டாயிற்று. 1991 ஜனவரியில், வளைகுடாப் போரின்போது, பொது அனுமதி இரத்தானது. ஆளுக்கு ஆள் தனி அனுமதி வந்தது. 1993 மார்ச்சில் அடைப்பு வந்தது, சாவடிகள் நிலைத்தன. அனுமதிப்பத்திரத்தில் முதலாளியின் பெயர் எழுதப்பட்டது. அவன் கைவிட்டால் பத்திரம் போயிற்று. இதிலிருந்து தரகர் கூட்டமொன்று முளைத்தது. வேலையே கொடாத 'முதலாளி' பெயரளவிற் பத்திரம் எடுத்துக் கொடுத்து, மாதத்திற்கு 2000 சேக்கல் அளவிலும் அதற்கு மேலும் கறந்தான். மேற்குக் கரையிற் கிடைக்கும் கூலியைப் போல் இருமடங்குக்கு மேல் இஸ்ரேலிற் கிடைத்தபடியால் தொழிலாளி அதையும் கொடுத்தான். 2020 டிசம்பரிற் கட்டிடத் தொழிலாளர் முதலாளியை மாற்றிக்கொள்ளலாமென விதி திருத்தப்பட்டது, தரகு ஒழியவில்லை. தொழிற்சங்கத்திற் சேர்ந்தவனும், ஊர்வலத்திற் போனவனும், காரணமே அறியாதவனும் பாதுகாப்புத் துறையின் தடைப்பட்டியலிற் சேர்க்கப்படலாம் என்ற அச்சம் வரிசை முழுவதிலும் இருந்தது. இப்படியான வரிசையில் யார் கூலி உயர்வு கேட்பான்?

ஆகவே அந்தச் சாவடியைத் தண்ணீர்க் குழாயின் திருகு போலக் கொள்வது பொருந்தும். தேவையானபோது திறப்பர்; வேண்டாதபோது பூட்டுவர்.

2023 ஒக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸ் இயக்கத்தினர் தென் இஸ்ரேலினுட் புகுந்து ஏறத்தாழ 1200 பேரைக் கொன்றனர். கொல்லப்பட்டவர்களுள் தாய்லாந்துத் தோட்டத் தொழிலாளரும், நேபாள மாணவரும், இலங்கையர் இருவரும் இருந்தனர். அக்கொலைக்கு நான் நியாயம் தேடவில்லை. அதன் பின் காஸாவில் நிகழ்ந்த பேரழிவு தனியே எழுதப்பட வேண்டியது. இங்கு நம் பொருள் சாவடி. சில நாட்களுள் மேற்குக் கரைத் தொழிலாளரின் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் அனுமதிகள் பயனற்ற கடதாசிகளாயின. பின்னர் சில ஆயிரம் பேர் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். 300ஆம் இலக்கச் சாவடியின் கூண்டு வெறுமையாயிற்று.

வரிசை குறைவதே வெற்றி என்ற என் நண்பரை இங்கே நிறுத்திக் கேட்கிறேன். வரிசை முற்றாக ஒழிந்துவிட்டது! நெரிசலில்லை, தலைக்கு மேலே தவழ்பவரில்லை, மனிதாபிமான வாயில் தாமதமாகத் திறந்தது என்று முறையிட ஆளில்லை. எண்ணும் கருவியின் முள் அசையாது நிற்கிறது. உங்கள் அளவுகோலின்படி இது பூரண வெற்றியல்லவா? அந்த ஒன்றரை இலட்சம் வீடுகளிலே அடுப்பெரிந்ததா என்று உங்கள் அளவுகோல் சொல்லாது. 2024லும் 2025லும் கயிறும் ஏணியும் கொண்டு மதிலேறிய தொழிலாளர் சிலர் விழுந்தும் சுடப்பட்டும் மாண்டதையும் அது சொல்லாது. மேற்குக் கரையின் உள்ளேயோ தடைகள் பெருகின. 2025இல் ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கின்படி அவை 800க்கு மேல்.

கணித ஆசிரியருக்கும் ஒரு செய்தி உண்டு. முதலாளிகள் அழுதார்கள். கட்டிடங்கள் பாதியில் நின்றன. பழங்கள் மரத்திலே அழுகின. திருகைப் பூட்டியவர்கள் வேறு குழாய் தேடினர். 2024 ஜனவரியில் இந்தியாவின் ஹரியானா மாநிலத்து ரோதக் நகரிலே கட்டிடத் தொழிலாளர் இஸ்ரேல் செல்லும் தேர்வுக்காகக் குளிரில் வரிசையாக நின்றார்கள். அதற்கு முன்பே, 2023 நவம்பரில், இலங்கை அரசு பத்தாயிரம் விவசாயத் தொழிலாளரை அனுப்ப உடன்பட்டது. 1970இல் அதே இஸ்ரேலோடு உறவை முறித்துக்கொண்ட நாடு இது!

2022இன் பொருளாதார வீழ்ச்சியிலே அரிசிக்கும் எரிவாயுவிற்கும் வரிசையில் நின்று களைத்த இளைஞன் அங்கே போனான். அவனை நான் குறை கூறேன். பசித்தவனுக்கு அரசியல் நெறி போதிப்பது மேசைக்கு இப்பால் இருப்பவனுக்கு இலகு. போனவனுடைய விசாவும் தொழிலோடு கட்டப்பட்டதே. விவசாயத்திற்கென்று சென்று வேறு வேலைக்கு மாறியவர்கள் 2024இலே திருப்பியனுப்பப்பட்டனர். பலஸ்தீனியனுடைய பத்திரத்தில் எழுதியிருந்த விதியும் ஏறத்தாழ இதுவே. ஒருவனுக்கு இரும்புக் கூண்டு, மற்றவனுக்கு விமானச்சீட்டு என்ற வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. கூலி கேட்டு வாய் திறந்தால் இருவருக்கும் ஒரே தண்டனை என்பது தெரிவதில்லை. நான் குறை கூறுவது அவனை அனுப்பியவர்களை. ஒரு மக்களைப் பட்டினியால் அடிபணிய வைக்கும் ஏற்பாட்டுக்கு நம் மக்களின் பட்டினியை விற்றவர்கள் அவர்கள். அந்த உடன்பாட்டை வேலைவாய்ப்பு என்று பாராட்டித் தலையங்கம் எழுதியவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த இஸ்ரேலியப் பெண்களிற் சிலர் இப்பொழுது யோர்தான் பள்ளத்தாக்கிலே, குடியேற்றக்காரரின் தாக்குதலுக்கு அஞ்சும் இடையர்களோடு மேய்ச்சல் நிலங்களுக்குக் கூடச் செல்கின்றனர். வாயில் வெறுமையானதும் வீட்டிற் போய் இருந்துவிடவில்லை. அநீதி இடம் மாறினால் பார்ப்பவனும் இடம் மாற வேண்டும் என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். அந்த வரிசையின் ஒரு முனை இப்பொழுது நம் நாட்டிலே, வேலைவாய்ப்பு முகவரின் படிக்கட்டிலே கிடக்கிறது. அதை எண்ணவேண்டியவர்கள் பெத்லகேமுக்குப் போக வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் சென்ற கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது நண்பர் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. அரைமணி நேரம் மிச்சமானது மிச்சமானதுதான் என்கிறார். கணித ஆசிரியர் வெகுநேரம் பேசாதிருந்தார். தம்முடைய பழைய மாணவன் ஒருவன் 2024இல் அங்கே போனான் என்றும், தக்காளித் தோட்டமொன்றில் வேலை என்றும், வீட்டுக்குப் பணம் அனுப்பிக் கடனில் அரைவாசியை அடைத்துவிட்டான் என்றும் பிறகு சொன்னார். அவன் வேலை செய்யும் இடத்தில் முன்னர் வேலை செய்தவன் யார், பலஸ்தீனியனா தாய்லாந்துக்காரனா, அவனுக்கு என்ன கூலி, இவனுக்கு என்ன கூலி என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள் என்றேன். கொப்பியொன்றை எடுத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாக இலக்கமிட்டுக் குறித்துக்கொண்டார்.